பெயர் இல்லாத புகார்

துடைத்த துணியில் சிமெண்ட் ஒட்டிக்கொண்டு வந்தது.

ரத்னா துணியை உதறாமல் டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்துப் பார்த்தாள். தூசியில்லை, சுண்ணாம்பில்லை. விரலில் தேய்த்தால் முதலில் மணல் நறநறத்து, அதற்குப் பின்னால் கொழகொழப்புத் தெரிகிற, இப்போதுதான் தண்ணீர் விட்டுக் குழைத்த கலவை. இந்தச் சுவர் பூசி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பூச்சுக்குக் கலவை சுமந்ததே அவள்தான். அதன்மேல் பட்டி பார்த்து, இளநீல டிஸ்டெம்பரும் அடித்தாகிவிட்டது. காய்ந்த சுவரில் மழை ஈரம் கசியலாம், உப்புப் பூக்கலாம், பெயிண்ட் உரியலாம். காய்ந்துபோன கலவை திரும்ப ஈரக் கலவையாகி அவள் பார்த்ததில்லை.

துணியை வாளியில் முக்கினாள். தண்ணீர் சாம்பலாகக் கலங்கியது.

சுவருக்கு அந்தப் பக்கம் லிப்ட் போகிற குழி.

மயிலாப்பூரில், லஸ்ஸுக்குப் பக்கத்துத் தெருவில் எழுந்த நான்கு மாடிக் கட்டடம் அது. கீழ்த்தளத்துக் கடையைப் பிரவுசிங் சென்டருக்கு விட்டிருந்தார்கள். ஏ.சி. போட வேண்டுமென்று ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். வாசலில் ஒரு ஷட்டர், அதைவிட்டால் வேறு வழி கிடையாது. உள்ளே பிளைவுட் தடுப்புப் போட்டு வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். கடைசி அறையின் முதுகு லிப்ட் சுவரோடு ஒட்டியிருந்தது. கட்டடம் எழும்பியபோது ரத்னா அங்கே சித்தாள். முடிந்த பிறகு பெருக்கித் துடைக்க அவளையே வைத்துக்கொண்டார்கள். படிக்கட்டுக்குக் கீழே அவள் படுத்துக்கொள்ள ஓர் அறையும் கிடைத்தது. கொடுத்தவன் சாய்நாத். அப்போது சைட் சூப்பர்வைசர், இப்போது இந்தக் கட்டடத்துக்கே மேனேஜர். எல்லாச் சாவியும் அவன் இடுப்பில்.

அந்த அறை எதற்காகக் கிடைத்தது என்று அவளுக்குத் தெரியும். வாய்க்குப் போட்ட பூட்டு அது.

லிப்ட் குழிக்கு அடியில் நூர் முஹம்மது இருக்கிறார்.

கம்பி கட்டுகிறவர். சைட்டில் எல்லோருக்கும் நூர் பாய். வெற்றிலை போட்ட வாயோடு, "இன்னா ரத்னா, உன் கலவைச் சட்டிய விட உன் கோவம் கனமா கீது" என்று சிரிப்பார். குழிக்குள் இறங்கிக் கம்பி கட்டுகிறவருக்கு மேலே இருப்பவர்கள் கத்துவது கேட்காது. மிக்சர் மெஷின் போடுகிற சத்தம் அப்படி. அதனால் சைட்டில் ஒரு பழக்கம் இருந்தது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற கம்பியில் மேலேயிருந்து சுத்தியலால் இரண்டு தட்டு: வேலை முடிந்ததா என்ற கேள்வி. கட்டுகிறவர் முடித்துவிட்டு அந்தப் பக்கமாக ஏறி, விளிம்பில் நின்று இரண்டு தட்டுத் தட்டினால் அது பதில். பதில் வந்ததும் சாய்நாத் கையை உயர்த்திக் கத்துவான்.

"ரைட்டு. ஊத்து!"

அன்றைக்கு பாய் மேலே ஏறவில்லை. மழையில் குழியின் மண் சரிந்து, இடுப்புவரை மூடி, கம்பிக்கூட்டுக்குள் அவரை மாட்டிவைத்தது. கூப்பிட்டது யாருக்கும் கேட்கவில்லை. கையிலிருந்த, கம்பி முறுக்குகிற கொக்கியால் கம்பியைத் தட்டினார். சாய்நாத் அதைப் பதிலென்று எடுத்துக்கொண்டான். அதுவரைக்கும் அது தெரியாமல் நடந்த தப்பு, அவ்வளவுதான். ஆனால் ஊற்ற ஆரம்பித்த பிறகும் தட்டல் நிற்கவில்லை. விளிம்பில் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்த ரத்னா குனிந்து பார்த்தாள். கம்பிகளுக்கு நடுவே ஒரு கை. அவள் அலறினாள். சாய்நாத் ஓடிவந்து டார்ச் அடித்தான். அவனும் கையைப் பார்த்தான். கம்பியை அறுக்க வேண்டும், ஊற்றியதை அள்ள வேண்டும், போலீஸ் வரும், வேலையை நிறுத்துவார்கள் என்று அவன் முகத்தில் கணக்கு ஓடியதை அவள் டார்ச் வெளிச்சத்திலேயே பார்த்தாள்.

"பைப்பு ஆடுது ரத்னா, அந்தச் சத்தம்தான்" என்று அவள் வாயைப் பொத்தினான். பொத்திய கையை எடுக்காமலே மற்றக் கையை மெஷின் பக்கம் உயர்த்தினான்.

மறுநாள், நூர் பாய் எவளோ ஒருத்தியோடு பெங்களூர் ஓடிவிட்டார் என்று சைட்டில் பேச்சாகிவிட்டது. பேச்சைக் கிளப்பியவன் யாரென்று கேட்க வேண்டியதில்லை. பாயின் பெண்சாதி அஃப்சருன்னிசா ஜாம்பஜாரிலிருந்து நடந்துவந்து, வேலைக்காரர்கள் வெளியே வருகிற நேரத்தில் எதிர்ப்பக்கம் நிற்பாள். கட்டடம் முடிந்து கடைகள் வந்த பிறகும் அவள் வருவது நிற்கவில்லை. புர்காவின் முகத்திரையைத் தூக்கி ரத்னாவிடம் மட்டும் கேட்பாள்.

"எதுனா சேதி வந்துச்சா அக்கா? அவரு அப்படியாப்பட்ட ஆள் இல்லக்கா. செத்துட்டார்னு சொன்னாக்கூட தாங்கிக்குவேன். ஓடிட்டார்னு சொல்றாங்களே, அதான் முடியல."

ரத்னா தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்துவிடுவாள். போன வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் தலையாட்டிவிட்டு வந்தாள். அன்றைக்கு இரவு சோறு இறங்கவில்லை.

நொச்சிக்குப்பத்து மாலை வகுப்பில், முடி நரைக்கிற வயசில்தான் அவள் எழுத்துப் படித்தாள். இப்போது வடை மடித்துக் கொடுக்கிற காகிதத்தைக்கூடப் படிக்காமல் போடமாட்டாள். அப்படி ஒரு மாலைப் பேப்பர்த் துண்டில்தான் படித்தாள், இனிமேல் போலீஸுக்குக் கம்ப்யூட்டர் வழியாகவே புகார் அனுப்பலாமாம். ஸ்டேஷனுக்குப் போக வேண்டாம். முகம் காட்ட வேண்டாம். ஸ்டேஷனில் சாய்நாத்துக்கு டீ வாங்கிக் கொடுக்கிற ஏட்டுகள் இருந்தார்கள். கம்ப்யூட்டருக்கு யாரும் டீ வாங்கிக் கொடுக்க முடியாது.

"என்ன ரத்னா, இன்னுமா துடைச்சிண்டிருக்கே?" சென்டரைப் பார்த்துக்கொள்கிற மதுவந்தி கைப்பையை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "தெருவெல்லாம் ஆறா ஓடறது. அப்பா குடையோட வந்து நின்னுண்டிருக்கார்."

ஐப்பசி மழை. விளக்கு வைக்கிற நேரம்தான், ஆனால் வெளியே நன்றாக இருட்டிவிட்டது.

ரத்னா முந்தானை முடிச்சிலிருந்து பேப்பர்த் துண்டை எடுத்து நீட்டினாள். "மதும்மா, இது நெசமா?"

"நெஜம்தான். யார் மேல புகார்?"

"எங்க குப்பத்துல ஒருத்தன். தெனமும் குடிச்சிட்டு வந்து பொண்டாட்டிய அடிச்சிக்கினே கீறான்."

"பேஷ். அவன் பேரைக் கொட்டை எழுத்தில போடு." மதுவந்தி சிரித்துக்கொண்டே கடைசி அறைக் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தாள். கல்யாணப் பத்திரிகை அடிப்பதற்காக அந்த ஒன்றின் கட்டைகளில் மட்டும் தமிழ் எழுத்து ஒட்டியிருந்தது. போன் வயரைச் செருகினாள். மோடம் கீச்சென்று கத்தி, இரைந்து, அடங்கியது.

"என் பேரு போடணுமா?"

"போடாமலும் அனுப்பலாம். மொட்டைக் கடுதாசின்னு தூக்கிப் போட்டாலும் போடுவா. இன்னொண்ணு, இந்தத் தமிழ் எழுத்து நம்மகிட்ட இருக்கு, அங்க இருக்கணுமே? இல்லேன்னா அவாளுக்கு வெறும் புள்ளியும் கோடுமாத்தான் தெரியும்."

"அப்ப இன்னாத்துக்கு அனுப்பறது?"

"இப்ப அனுப்பி வை. காலம்பற நான் வந்து இங்கிலீஷ்ல மாத்தித் தரேன். முடிச்சதும் இங்க அமுக்கு. பதில் வந்தா இந்த இடத்தில தெரியும். அப்புறம் மறக்காம போன் வயரைப் பிடுங்கிடு. இடி விழுந்தா மோடம் போயிடும், அப்புறம் ஓனர் என்னைப் பிடுங்கிடுவார்."

போனை மரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு அவள் போய்விட்டாள். ஷட்டர் பாதி இறங்கி நின்றது. அதற்குக் கீழே மழை வெள்ளிக் கம்பிகளாக விழுந்துகொண்டிருந்தது.

ரத்னா ஒரு விரலால் எழுத்தெழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள். கையில் கிடந்த இரும்புக் காப்பு, கை நகரும்போதெல்லாம் மேஜையின் இரும்பு விளிம்பில் இடித்தது. கண்ணாடி வளையல் சைட் வேலைக்கு நிற்காதென்று கல்யாணமான புதிதில் போட்டது. இப்போது அதைக் கழற்ற முடியாதபடி கை பெருத்துவிட்டது. நூர் முஹம்மது ஓடிப்போகவில்லை என்று அடித்தாள். லிப்ட் குழியில் இருக்கிறார். உயிரோடு இருக்கும்போதே ஊற்றினார்கள். ஊற்றச் சொன்னவன் சாய்நாத். அவர் பெண்சாதிக்குச் சொல்லுங்கள். அவ்வளவுதான் அவளிடம் எழுத்து இருந்தது. பெயரை விட்டுவிட்டு, மதுவந்தி காட்டிய இடத்தை அமுக்கினாள்.

வெளியே இடி உருண்டது. சொன்ன மாதிரியே குனிந்து போன் வயரைப் பிடுங்கிக் கீழே போட்டாள். தலையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

அப்போது வாசலில் சாவிக்கொத்து குலுங்கியது.

"ரத்னா! உள்ள கீறியா?"

சாய்நாத். டார்ச் வெளிச்சம் ஷட்டருக்கு அடியில் நுழைந்து, ஈரத் தரையில் வழுக்கி, பிளைவுட் தடுப்புகளின் மேல் ஏறி இறங்கியது. அவள் அடித்த எழுத்து முழுக்கத் திரையில் அப்படியே நின்றது. அவனுக்கு நன்றாகத் தமிழ் படிக்க வரும். எப்படி அணைப்பதென்று மதுவந்தி சொல்லித்தரவில்லை. ரத்னா முந்தானையை இழுத்துத் திரைமேல் போர்த்தி, நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏய், ரத்னா? இன்னா, காதுல வுழலயா?"

பதில் சொல்ல எவ்வளவு நேரமாகும்? இதோ வரேன் சார் என்று ஒரு வார்த்தை. வாய் திறக்கவில்லை. இரண்டு வருஷமாக மூடிப் பழகிய வாய்.

"தொறந்து போட்டுட்டுப் போயிக்கீது பாரு" என்று முனகிக்கொண்டு அவன் ஷட்டரை இழுத்தான். தகரம் தடதடவென்று இறங்கித் தரையில் அறைந்தது. இந்தப் பக்கம் ஒரு பூட்டு. அந்தப் பக்கம் ஒரு பூட்டு. செருப்புச் சத்தம் தண்ணீரைத் துழாவிக்கொண்டு போனது. சட்டென்று கரண்டும் போனது.

ஏ.சி.யின் உறுமல் நின்றதும் அறையில் எத்தனை சத்தங்கள் ஒளிந்திருந்தன என்று தெரிந்தது. யூ.பி.எஸ். பெட்டி விட்டுவிட்டுக் கீ கீ என்றது. எங்கோ நீர் சொட்டியது. பிளைவுட் நெட்டி முறித்தது. முந்தானைக்குள்ளிருந்து திரையின் வெளிச்சம் சேலையின் பூப்பூவான நிழலைக் கூரையில் விரித்திருந்தது. மூக்கில் ஒரு வாசனை ஏறியது. புது சிமெண்ட் மூட்டையைக் கிழித்துத் தண்ணீர் விட்டதும் குபீரென்று கிளம்புகிற, தொண்டையைக் காரமாக அறுக்கிற வாசனை.

காலையில் மதுவந்தி வருவாள். அதுவரை உட்கார்ந்திருந்தால் போதும். அப்படிச் சொல்லிக்கொண்டே முந்தானையை இழுத்தாள்.

திரையில் பதில் வந்திருந்தது.

தமிழில். புள்ளியும் கோடுமாக இல்லை, குண்டு குண்டான எழுத்தில். அவள் உதட்டை அசைத்துக் கூட்டிப் படித்தாள்.

'புகார் கிடைத்தது. பெயர் இல்லாத புகாரை எடுத்துக்கொள்ள முடியாது. நீங்கள் யார்?'

பயத்தைவிடச் சந்தோஷம்தான் முதலில் வந்தது. படித்துவிட்டார்கள். அவள் அடித்ததை எவரோ ஒரு பெரிய அதிகாரி விளக்குப் போட்டுக்கொண்டு படித்துவிட்டார். பெயரைச் சொன்னால் நாளைக்கு இந்தக் கட்டடத்தில் இடமில்லை. சாய்நாத் அதோடு விடவும் மாட்டான். அஃப்சருன்னிசாவின் தூக்கிய முகத்திரையும் அதற்குள்ளிருந்த கண்ணும் ஞாபகத்துக்கு வந்தன.

ர. த். னா. அடித்து அமுக்கினாள்.

காத்திருக்கவே தேவையில்லாமல் அடுத்த வரி வந்தது.

'இப்போது எங்கே இருக்கிறீர்கள்?'

இடத்தை அடித்தாள். உள்ளே வைத்துப் பூட்டிவிட்டான் என்றும் அடித்தாள்.

'அங்கேயே இருங்கள். ஆள் வருகிறார்.'

அழுகை வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள். ஆள் வரும்போது இடம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று கை தானாகவே வாளியைத் தேடியது. குனிந்தபோது காலில் ஏதோ தட்டியது. எடுத்துத் திரை வெளிச்சத்தில் பார்த்தாள்.

போன் வயர்.

அவள் பிடுங்கிப் போட்ட இடத்திலேயே கிடந்தது. அதன் முனை அவள் கையில் இருந்தது.

மோடத்தின் விளக்குகள் செத்துக் கிடந்தன. திரையில் மட்டும் புதிதாக ஒரு வரி.

'ஆள் கீழே வந்துவிட்டார்.'

கீழே. இதற்குக் கீழே ஒன்றும் இல்லை. தரைத்தளம் இது. இதற்குக் கீழே குழிதான்.

சுவருக்கு அந்தப் பக்கம் லிப்ட் நகர்ந்தது. கரண்ட் இல்லாத லிப்ட். இரும்புக் கயிறு இழுபடுகிற முனகலோடு அது மேலேயிருந்து இறங்கி, அவள் தலைக்கு நேராக வந்து, தோளுக்கு, இடுப்புக்கு, முழங்காலுக்கு நேராக வந்து, அங்கே நிற்காமல் இன்னும் இறங்கியது. ரத்னா ஷட்டருக்கு ஓடினாள். உள்ளங்கையால் அறைந்தாள். சார், சாய்நாத் சார், என்று கத்தினாள். யாரைக் கூப்பிடுகிறோம் என்பதுகூட உறைக்கவில்லை. மழை தகரத்தில் விழுகிற இரைச்சல் அவள் குரலை மூடியது. மெஷின் ஓடும்போது குழிக்குள்ளிருந்து கூப்பிட்ட மாதிரி.

அப்புறம் கேட்டது.

டங். டங்.

ஷட்டரிலிருந்து வரவில்லை. பின்னாலிருந்து. சுவருக்குள்ளிருந்து. இரும்பின்மேல் இரும்பு.

அவள் திரும்பி நின்றாள். மறுபடி இரண்டு. பாய் தட்டின மாதிரியே, இரண்டாவது கொஞ்சம் களைத்த தட்டு. இரண்டு வருஷமாகத் தூக்கத்தில் கேட்ட சத்தம். அன்றைக்கு அவள் வாயை ஒருவன் பொத்தியிருந்தான். இன்றைக்குப் பொத்த யாரும் இல்லை.

சுவரின் அருகே போனாள். கால்தான் போனது. நீல டிஸ்டெம்பர் நனைந்து, தோலாகச் சுருங்கி, கீழே வழிந்துகொண்டிருந்தது. கையை வைத்தாள். சுவர் ஜில்லென்று, மெத்தென்று அமுங்கியது.

"கேட்டுச்சு பாய்" என்றாள். "எனக்குக் கேட்டுச்சு. உங்க வூட்டம்மாவாண்ட நான் சொல்றேன். சொல்லிட்டேன்னு வெச்சிக்கோங்க."

அவருக்குக் கேட்டிருக்காது. மனுஷக் குரல் அங்கே கேட்காது. அதனால் கையைத் தூக்கி, இரும்புக் காப்பால், சுவரோரமாகப் போன ஏ.சி. குழாயில் தட்டினாள்.

டங். டங்.

தட்டிய பிறகுதான் உறைத்தது.

இரண்டு தட்டுக்கு இரண்டு தட்டு. கேள்விக்குப் பதில்.

சுவருக்குள் சத்தம் நின்றது. மழைச் சத்தம் நின்றது. யூ.பி.எஸ்.கூட நின்றது. திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக, ஒற்றை விரலால் தேடித் தேடி அடிக்கிற மாதிரி, வந்தன.

'ரைட்டு. ஊத்து.'

மேலே, மாடிகளுக்கெல்லாம் மேலே, மிக்சர் மெஷின் புரள ஆரம்பித்தது. கடகடவென்று ஜல்லி. பழகிய சத்தம். இத்தனை நாள் சோறு போட்ட சத்தம்.

முதலில் கூரை மூலையிலிருந்து ஒரு கல். பிறகு கைப்பிடி மணல். பிறகு சுவருக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு கோடு கறுத்தது. அந்தக் கோடு முழுக்கச் சாம்பலாகக் கசிந்து, தடித்து, வழிந்தது. பிளைவுட் தடுப்பு சாய்ந்தது. வாளி மூழ்கியது. அவள் ஷட்டர் பக்கம் ஓடப் பார்த்தாள். செருப்பு வரவில்லை. கால் மட்டும் வந்தது. அப்புறம் காலும் வரவில்லை.

கணுக்கால். ஜில்லென்று.

மேஜையைப் பிடித்து ஏறினாள். திரைக்குப் பக்கத்தில் குந்தினாள். கீழே எல்லாம் மட்டமாக, வழவழப்பாக, யாரோ மட்டப்பலகை போட்டு இழுத்துவிட்ட மாதிரி. நாற்காலியின் முதுகு மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை.

டங். டங்.

இப்போது அவளுக்கு அடியில். மேஜையின் இரும்புக் காலில்.

பதில் தட்டக்கூடாது. தட்டாவிட்டால் ஊற்ற மாட்டார்கள். அதுதான் பழக்கம். சைட்டில் யாரும் மீறாத பழக்கம். அவள் இரண்டு கைகளையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். குளிர் எலும்பில் ஏறியது. பல் கிட்டியது. தோள் உதறியது. உதறலை நிறுத்த முடியவில்லை. கக்கத்திலிருந்து கை நழுவியது. மணிக்கட்டில் காப்பு ஆடியது. மேஜை விளிம்பில் இடித்தது.

டங். டங்.

'ரைட்டு. ஊத்து.'

காப்பைக் கழற்ற இழுத்தாள். தோல் உரிந்தது. காப்பு வரவில்லை. கை நடுங்கியது.

டங். டங்.

'ரைட்டு. ஊத்து.'

திரை வெளிச்சத்தில் சாம்பல் மட்டம் மேஜையின் விளிம்புக்கு வந்தது. விளிம்பைத் தாண்டியது. நடுங்குகிற கையை அவள் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். கூரை கைக்கு எட்டுகிற உயரத்தில் இருந்தது. அங்கே ஃபேன் கொக்கிக்காக விட்ட ஒரு கம்பி, காப்புக்கு ஒரு விரல் தூரத்தில், நீட்டிக்கொண்டிருந்தது.